பூஜ்யமும் சேரும்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கால் மரத்துப்போனால் நீட்டிக்கொள்ளலாம், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். இன்றைக்கு ஒரு கணக்குக் கதை வைத்திருக்கிறேன். உடனே முகத்தைச் சுளிக்காதீர்கள். இது விடை கேட்கிற கணக்கில்லை. விடை சொல்வதற்கு இவ்வளவு தெரிந்தால் போதுமா, போதாதா என்று மட்டும் கேட்கிற கணக்கு. அதைப் போட்டுப் போட்டுப் பழகிய ஒருத்திக்கு அவள் வீட்டுக்குள்ளேயே நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

அவளை எல்லோரும் மீட்டரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தண்ணீர் அலுவலகத்தில் மீட்டர் எழுதுகிற வேலை. மாடிப்படிக்கு அடியில் ஒன்று இருக்கும், தோட்டத்துக் குழிக்குள் ஒன்று இருக்கும். மூடியைத் திறந்து, குனிந்து, உள்ளே சுழலும் எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றிருபது தடவை குனிவாள். இருபத்திரண்டு வருஷம் அப்படிக் குனிந்ததில் வலது முட்டி தேய்ந்துவிட்டது. மருத்துவர், "குனியாதீங்க, படி ஏறாதீங்க" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். "அப்படியே சம்பளம் வாங்காதீங்கன்னும் ஒரு வரி எழுதிடுங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே வந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அலுவலகத்தில் ஒரு மேசை காலியானது. மற்றவர்கள் எழுதி வருகிற அளவுகளை உட்கார்ந்து சரிபார்க்கும் மேசை. ஒரே இடம்தான், அதற்கு ஒரு தேர்வு. வயது வரம்பு நாற்பத்தைந்து. மீட்டரக்காவுக்கு நாற்பத்து நாலு முடிந்து பத்து மாதம். இந்தத் தடவை விட்டால் மறு தடவை கிடையாது, முட்டி நிற்கிற வரை குனிந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

வீடு ஒன்று, குடும்பம் இரண்டு. மீட்டரக்காவின் கணவர் தச்சர், கொல்லையில் பட்டறை. அவருடைய தம்பி மின்தூக்கி பழுது பார்த்தவர். உயரத்திலிருந்து விழுந்து, இரண்டு வருஷமாக இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு வீட்டில் இருந்தார். தம்பியின் மனைவியை வீட்டில் சின்னவள் என்பார்கள். மீட்டரக்காவுக்கு ஓரகத்தி. அவளும் மீட்டர் எழுதுகிறவள்தான். அலுவலகத்தில் சொல்லி அவளைச் சேர்த்துவிட்டதே மீட்டரக்காதான். கடிக்கிற நாய் எந்த வீட்டில், குரைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிற நாய் எந்த வீட்டில் என்று முதல் மாதம் முழுக்கக் கூடவே நடந்து காட்டிக் கொடுத்தாள்.

"நீயும் எழுதேன்டி" என்றாள் மீட்டரக்கா.

"எனக்கெதுக்குக்கா? என் முட்டி நல்லாத்தானே இருக்கு. நீங்க எழுதுங்க, நான் உங்களைப் பிடிச்சு உட்கார வைக்கிறேன். தூங்கினா தண்ணி தெளிக்கிறேன்."

தேர்வில் பாதிக்குப் பாதி அந்தப் 'போதுமா' கேள்விகள். அதிலும் கடைசி இலக்கத்தைக் கேட்பவை அதிகம். ஒரு கேள்வி இருக்கும், கீழே இரண்டு கூற்றுகள் இருக்கும். முதல் கூற்று மட்டும் போதுமானால் விடை ஒன்று. இரண்டாவது மட்டும் போதுமானால் இரண்டு. சேர்ந்தால்தான் போதும் என்றால் மூன்று. இரண்டில் எது ஒன்றும் தனியாகவே போதும் என்றால் நான்கு. சேர்ந்தும் போதாதென்றால் ஐந்து.

மீட்டரக்காவுக்கு இதில் ஒரு வேடிக்கை. மீட்டரின் கடைசிச் சக்கரம் சிவப்பாக இருக்கும், அதை எழுத வேண்டியதில்லை. "இருபத்திரண்டு வருஷமா நான் ஏறெடுத்தும் பார்க்காத இலக்கம்டி இது. இப்ப என்னைப் பழி வாங்குது" என்பாள்.

சின்னவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். பழைய மீட்டரின் பித்தளை மூடிகள் இரண்டைக் கொண்டுவந்து, புத்தகத்தில் முதல் கூற்றின் மேல் ஒன்றையும் இரண்டாவதின் மேல் ஒன்றையும் வைத்தாள். ஒன்றைத் திறந்து பார்த்து மூடிவிட வேண்டும், பிறகுதான் மற்றது. வேலை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் இதுதான் பாடு.

"ஓர் எண்ணோட வர்க்கத்துல கடைசி இலக்கம் என்ன? முதல் மூடி. எண்ணோட கடைசி இலக்கம் மூணு, இல்லாட்டி ஏழு."

மீட்டரக்கா விரல் மடக்கினாள். "மூமூணு ஒம்பது. ஏழேழு நாப்பத்தொம்பது. அட, எதுவா இருந்தாலும் ஒம்பதுதான்! எண் எதுன்னே தெரியாது, ஆனா விடை தெரியுது. போதும்டி."

"ரெண்டாவது மூடி. அது ஒற்றைப்படை எண்."

"ஒண்ணுன்னா ஒண்ணு, அஞ்சுன்னா அஞ்சு. ஆளுக்கொண்ணு சொல்லுது. போதாது. விடை ஒண்ணு."

பட்டறை வாசலில் நின்று தச்சர் சிரித்தார். "எண் தெரியாமலே விடையா? நான் அளவெடுக்காமலே கதவு செய்யற மாதிரி இருக்கே!"

"நீங்க அளவெடுத்துச் செஞ்ச கதவே சாத்த மாட்டேங்குது" என்றாள் மீட்டரக்கா.

அவள் திரும்பத் திரும்ப விழுந்த குழி ஒன்றே ஒன்றுதான். இரண்டு எண்களைப் பெருக்கினால் கடைசி இலக்கம் என்ன என்று ஒரு கேள்வி. முதல் மூடிக்குள், ஓர் எண் ஐந்தில் முடிகிறது. மூடியாயிற்று. இரண்டாவதில், மற்ற எண் ஒற்றைப்படை. உடனே, "அஞ்சு! போதும்!" என்பாள்.

"எந்த அஞ்சு? அதான் மூடியாச்சே! மூடினதை ஏன்க்கா மடியில கட்டிட்டு வர்றீங்க? இதை மட்டும் பாருங்க. ஒற்றைப்படைன்னு மட்டும் சொன்னா அஞ்சு எங்கேருந்து வரும்? ரெண்டும் சேர்ந்தாத்தான்."

ஒன்றைப் பார்க்கும்போது மற்றதைச் சுத்தமாக மறந்துவிட வேண்டும். அந்த மறதியைப் பழகவே அவளுக்கு மூன்று வாரமானது. ஆனால் பழகினாள் பாருங்கள், கல்லில் செதுக்கினது போல் பழகினாள். புத்தகத்தில் பழகியது புத்தகத்தோடு நிற்கவில்லை. அங்கேதான் வந்தது வினை.

ஒரு நாள் சின்னவளின் பையிலிருந்து சின்னப் புகைப்படம் இரண்டு கீழே விழுந்தது. "அடையாள அட்டை புதுசு தர்றாங்களாம்க்கா" என்றாள். மீட்டரக்காவை யாரும் புகைப்படம் கேட்கவில்லை. சரி, நமக்கு அப்புறம் கேட்பார்கள் என்று விட்டுவிட்டாள். மூடியாயிற்று.

இன்னொரு நாள் இரண்டின் அடுக்குகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு. கடைசி இலக்கம் இரண்டு, நான்கு, எட்டு, ஆறு என்று நாலுக்கு ஒரு தரம் திரும்பி வரும். அடுக்கு நான்கால் வகுபட்டால் ஆறுதான், கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

"அடுக்கு பூஜ்யமா இருந்தா?" என்றாள் சின்னவள்.

"பூஜ்யம் எங்கேடி வந்தது? எண்ணுன்னா ஒண்ணுலேருந்துன்னு அறிவிப்புலயே போட்டிருக்கான்."

"ஆமால்ல. சும்மா கேட்டேன்." சின்னவள் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினாள். வாசலில் நின்ற தச்சர் உளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அதற்கப்புறம் அவர் அந்த மேசைப் பக்கமே வரவில்லை. புத்தகம் திறந்தால் பலகையைத் தூக்கிக்கொண்டு தெருப்பக்கம் போய்விடுவார். இழைப்புச் சத்தம் நமக்கு இடைஞ்சல் என்று நினைக்கிறாரே, எவ்வளவு நல்ல மனுஷன் என்று மீட்டரக்கா மனம் குளிர்ந்தாள். அதையும் மூடினாள்.

தேர்வு நாள் வந்தது. புருஷனை டாக்டரிடம் கூட்டிப் போகவேண்டும் என்று சின்னவள் விடியற்காலையிலேயே விடுப்புச் சொல்லியிருந்தாள். ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் தேர்வு. சின்னப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சு. முட்டியை மடக்க முடியாமல் நடைபாதையில் காலை நீட்டி உட்கார்ந்து நிமிர்ந்தாள் மீட்டரக்கா. இரண்டாவது பெஞ்சில், ஜன்னலோரம், சின்னவள்.

சின்னவள் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் திரும்பவேயில்லை.

மேற்பார்வையாளர், "சுற்றறிக்கையில் சொன்ன விதிப்படி எழுதுங்கள்" என்றார். மீட்டரக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் முதலில் வந்த அறிவிப்புதான். அதைத்தான் சொல்கிறார் என்று தலையாட்டினாள். பதினோராவது கேள்வியில் இரண்டின் அடுக்கு வந்தது. கடைசி இலக்கம் என்ன? கூற்று ஒன்று: அடுக்கு நான்கால் வகுபடும். கூற்று இரண்டு: அடுக்கு இருபதைவிடப் பெரியது. அவளுக்குச் சிரிப்பே வந்தது. முதலாவது மட்டும் போதுமே என்று ஒன்றைக் குறித்தாள். அந்த மாதிரியே இன்னும் இரண்டு வந்தன. அவற்றையும் அப்படியே குறித்தாள்.

வெளியே வந்ததும் சின்னவள் ஓடிவந்து கையைப் பிடித்தாள். "கடைசி நேரத்துலதான்க்கா மனு போட்டேன். அவர் நச்சரிச்சாரு. உங்ககிட்ட சொல்ல வாய் வரலை."

"அதுக்கென்னடி. சொல்லியிருந்தா ஒரே பஸ்ஸுல வந்திருக்கலாம். நீ தனியா நின்னு, நான் தனியா நின்னு!" என்றாள் மீட்டரக்கா. கண்ணுகளா, அவள் குத்திக் காட்டவில்லை, நிஜமாகத்தான் சொன்னாள். எழுதுவது தப்பா? புருஷன் படுத்த படுக்கை, அவளுக்கும் ஆசை இருக்கும். அதையும் மூடியாயிற்று.

இரண்டு வாரம் கழித்து முடிவு ஒட்டினார்கள். சின்னவள் முதலிடம். மீட்டரக்கா இரண்டே மதிப்பெண் கீழே, இரண்டாமிடம். பக்கத்தில் சரியான விடைகளையும் ஒட்டியிருந்தார்கள். பதினோராவது கேள்விக்கு விடை மூன்று என்றிருந்தது. மீட்டரக்கா தபால் பிரிவுக்குப் போனாள். அங்கே இருப்பவரை முத்திரைக்காரர் என்பார்கள். தேநீர்க் கோப்பையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் முத்திரை குத்துகிறவர்.

"விடைத்தாள்ல பிழை இருக்கு. பதினொண்ணுக்கு மூணுன்னு போட்டிருக்கீங்க. ஒண்ணுதான் சரி."

"சுற்றறிக்கை படிச்சீங்களா இல்லையாம்மா? கேள்வியில எண்ணுன்னு வந்தா பூஜ்யமும் சேரும்னு தேர்வுக்கு இருபத்து நாலு நாள் முன்னாடியே அனுப்பினோமே."

"எந்தச் சுற்றறிக்கை?"

"கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு எந்தச் சுற்றறிக்கைங்கறீங்க. நல்ல ஆளும்மா!" அவர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார்.

அவள் பெயருக்கு எதிரே அவள் கையெழுத்து இருந்தது. ஆனால் அவள் போட்டால் கடைசி எழுத்தின் வால் கீழே இறங்கும். இதில் மேலே ஏறியிருந்தது. அடுத்த வரி சின்னவளுடையது. அங்கேயும் வால் மேலே ஏறியிருந்தது, மையும் அதே பச்சை.

பூஜ்யமும் சேரும் என்றால்? பூஜ்யத்தை நான்கால் வகுத்தால் மீதியில்லை. ஆனால் அடுக்கு பூஜ்யமானால் விடை ஒன்று, ஆறில்லை. அப்போது முதல் கூற்று மட்டும் போதாது. இருபதைவிடப் பெரியது என்று இரண்டாவது வந்து பூஜ்யத்தைத் தள்ளினால்தான் ஆறு நிற்கும். விடை மூன்றுதான். விடைத்தாளில் பிழையில்லை.

நின்ற இடத்திலேயே அவளுக்கு மற்றதெல்லாம் திறந்துகொண்டது. மனுவில் ஒட்ட எடுத்த புகைப்படம், 'பூஜ்யமா இருந்தா?' என்ற கேள்வி, டாக்டரிடம் போவதாகச் சொன்ன விடுப்பு, ஜன்னலோரப் பெஞ்சு. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் எதையும் சொல்லவில்லை. தனித்தனியாகவே பார்க்கும்படி அவளைப் பழக்கியதும் அந்தக் கையெழுத்தைப் போட்ட கைதான். புத்தகத்தில் மறக்கக் கற்றுக்கொண்டதை அவள் வீட்டுக்கும் வைத்துக்கொண்டாள். இப்படி ஒரு பிழையை வேறு யார் செய்வார்கள், சொல்லுங்கள்!

வீட்டுக்கு வந்தபோது சின்னவள் அடுக்களையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என் கையெழுத்தை நீ போட்டியா?"

கத்தி நின்றது. "கொடுக்கணும்னுதான்க்கா வாங்கினேன். சத்தியமா. பஸ்ஸுல வர்றப்ப யோசிச்சேன்... இதை மட்டும் கொடுக்கலைன்னா..." அவள் அழ ஆரம்பித்தாள். "அவர் மருந்து, பட்டை, எல்லாம் எத்தனை நாளைக்கு உங்க தலையிலேயே? ஒரு நாளாவது நாங்க நிமிர்ந்து நிக்க வேண்டாமா?"

"நிமிர்ந்து நில்லுடி. என் முட்டி மேல ஏறியா நிக்கணும்? என் காகிதம் எங்கே?"

சின்னவள் பட்டறைப் பக்கம் பார்த்தாள்.

கண்ணுகளா, அதுவரை மீட்டரக்காவுக்குக் கோபம்தான் இருந்தது. அந்தப் பார்வை போன திசையைப் பார்த்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை; நொண்டிக்கொண்டே பட்டறைக்குப் போனாள்.

தச்சர் இழைப்புளியைக் கீழே வைத்தார். கருவிப் பெட்டியைத் திறந்து, உளிகளைத் தூக்கி, அடியிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினார். எண்ணெய்க் கறை படிந்திருந்தது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"அவ எங்கிட்ட கொண்டுவந்து கொடுத்து அழுதா. கிழிக்கவும் மனசு வரலை, உங்கிட்ட கொடுக்கவும் மனசு வரலை."

"இருபத்து நாலு நாள்! தினம் உங்களுக்குச் சோறு போட்டேனே. தினம் நான் தப்புத் தப்பாப் படிக்கிறதைக் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"கேட்க முடியாமத்தான் தெருவுக்குப் போனேன்." அவர் தலை குனிந்திருந்தது. "யோசிச்சுப் பாரு. தம்பி நடமாட முடியாம இருக்கான். அவ ஒருத்தி சம்பளம். உனக்கு நான் இருக்கேன். அவங்களுக்கு யாரு இருக்கா?"

"எனக்கு நீங்க இருக்கீங்களா?" என்றாள் மீட்டரக்கா. கத்தவில்லை. தெரியாத ஒன்றைக் கேட்பது போலத்தான் கேட்டாள். "எங்கிட்டயே கேட்டிருந்தா, விட்டுக் கொடுத்திருப்பேனோ என்னவோ. கேட்கவே இல்லையே. என் முட்டியை நீங்களே எடுத்துத் தானம் பண்ணிட்டீங்க."

உள்ளறையிலிருந்து தம்பியின் குரல் வந்தது. "அண்ணி, என்ன சத்தம்? யாராவது சொல்லுங்களேன்!" அந்தக் காகிதத்தைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது, பாவம்.

அவள் காகிதத்தைப் பிரித்துப் படித்தாள், முன்பக்கம், பின்பக்கம். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி: இது கிடைக்கப்பெறாத விண்ணப்பதாரர், முடிவு வெளியான ஏழு நாட்களுக்குள் தெரிவித்தால் மறுதேர்வு நடத்தப்படும். தச்சர் பின்பக்கத்தைப் பார்த்திருக்கவேயில்லை.

கிடைக்கவில்லை என்று சொன்னால், அந்தக் கையெழுத்து யாருடையது என்ற கேள்வி வரும். அது மூன்று பேருக்கும் தெரிந்தது. ஆறாம் நாள் சாயங்காலம் தச்சர் சொன்னார்: "ஆயிரம் இருந்தாலும் நம்ம வீட்டுப் பெண். காட்டிக் கொடுத்துடாதே."

"நானும் இந்த வீட்டுப் பெண்ணுதான்னு யாரும் சொல்லிக்கலையே" என்றாள் அவள்.

ஏழாம் நாள் காலை பதிவேட்டை வாங்கிக்கொண்டு, அலுவலகத்துக்குப் பொறுப்பான பொறியாளர் அம்மாவின் அறைக்குப் போனாள். "இது என் கையெழுத்து இல்லைம்மா."

"பின்னே யாரு போட்டது?"

மீட்டரக்கா, முதல் மாதம் நாய்க்குப் பயந்து தன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்த பெண்ணை நினைத்தாள். முட்டி வலித்தது. "அடுத்த வரியையும் பாருங்கம்மா. ரெண்டையும் சேர்த்துப் பாருங்க" என்றாள்.

சின்னவளின் வேலை போகவில்லை. ஆனால் தேர்ச்சி ரத்தானது. இனி ஐந்து வருஷம் எந்தத் தேர்வும் எழுத முடியாது. ஊர் எல்லையில் இருக்கிற தெருக்களுக்கு அவளை மாற்றினார்கள். மீட்டரக்கா ஒரு சின்ன அறையில் தனியாக உட்கார்ந்து மறுதேர்வு எழுதினாள். பூஜ்யம் நாலு கேள்வியில் வந்தது. நாலிலும் அவள் ஏமாறவில்லை. மேசை கிடைத்தது, நாற்காலியும் கிடைத்தது. யாரோ வாழ்த்துச் சொன்னபோது, "ம்" என்றாள்.

இப்போது தினமும் நாலு மணிக்குச் சின்னவள் தன் தாள்களைக் கொண்டுவந்து அந்த மேசை மேல் வைக்கிறாள். மீட்டரக்கா வரி வரியாகப் பார்க்கிறாள்.

"பன்னெண்டாவது வீடு விட்டுப் போயிருக்கு."

"பூட்டியிருந்தது."

அவ்வளவுதான் பேச்சு. அக்கா என்ற சொல் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

வீட்டிலும் பெரிய சண்டை கிடையாது. தச்சர் தாழ்ந்த குரலில் பேசுகிறார், அவள் பதில் சொல்கிறாள். முட்டிக்குத் தைலம் வாங்கி வைக்கிறார், தேய்த்துக்கொள்கிறாள். ஆனால் அவர், "மழை வர்ற மாதிரி இருக்கு, கொடியில இருக்கிற துணியை எடுத்துடு" என்றால், சரி என்று சொல்லிவிட்டு, நொண்டி நொண்டிக் கொல்லைக்கு வந்து, தானே ஒரு தரம் வானத்தை அண்ணாந்து பார்த்த பிறகுதான் துணியை எடுக்கிறாள்.

அப்புறம் சமாதானமானார்களா என்று கேட்பீர்கள். பொய் சொல்ல எனக்கு வராது கண்ணுகளா, எனக்குத் தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன். நேரமாகிவிட்டது, எழுந்து போய்ச் சாப்பிடுங்கள். உங்கள் வீட்டில் யார் பெயருக்கு எது வந்தாலும் அது அவர் கையிலேயே போய்ச் சேரட்டும். உங்கள் வீட்டுப் பெட்டிகளின் அடியில் ஒளித்து வைக்க ஒன்றும் இல்லாமல் இருக்கட்டும். ஒருவர் மழை என்று சொன்னால், அண்ணாந்து பார்க்காமலே மற்றவர் துணியை எடுக்கிற வீடாக, உங்கள் வீடு நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும்.